மூன்று ஆப், ஒரு டேட்டாபேஸ்: மைக்ரேஷன்களைப் பகிர்ந்துகொள்வது எப்படி?

கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் நாலு பேர் குழு, பாபநாசம், வலங்கைமான் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஓர் உற்பத்தியாளர் குழுமத்துக்கு மூன்று வெப் ஆப்களை எழுதிப் பராமரிக்கிறது. முதலாவது உறுப்பினர் பதிவு. யாருக்கு எந்த ஊரில் எத்தனை மா (இங்கத்து நில அளவு) நிலம், குறுவையா சம்பாவா தாளடியா என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது அறுவடை மிஷின் புக்கிங். பெல்ட் வண்டியா டயர் வண்டியா, எத்தனை மணி நேரம் ஓடியது, வாடகை எவ்வளவு என்று கணக்கு வைப்பது அது. மூன்றாவது அறிக்கை ஆப். கொள்முதல் நிலையத்துக்குப் போன 40 கிலோ மூட்டைகள், நெல்லின் ஈரப்பதம், வர வேண்டிய பணம் ஆகியவற்றை அது காட்டும். முதல் இரண்டும் ரூபி ஆன் ரெயில்ஸ், மூன்றாவது ஜாங்கோ. மூன்றுக்கும் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்.

இப்படி ஓர் அமைப்புக்குள் புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குழுவில் சேருகிறவர்களுக்கு நான் முதல் வாரத்தில் வாய்மொழியாகச் சொல்வதுதான் இது. ஒரு ஆப், ஒரு டேட்டாபேஸ் என்று மட்டும் பழகியவர்கள் இங்கே வந்து தடுமாறுவது அவர்கள் திறமைக் குறைவால் அல்ல. ரெயில்ஸும் சரி, ஜாங்கோவும் சரி, லாராவெல்லும் சரி, டேட்டாபேஸ் முழுவதும் தனக்கே சொந்தம் என்று நம்பி எழுதப்பட்டவை. அந்த நம்பிக்கை எந்தெந்த இடத்தில் உடைகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கட்டளைகளையும் ஃபீல்டு பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், மைக்ரேஷன் தன்னை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது?

மைக்ரேஷன் என்பது டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் ஒரு சின்ன ஃபைல். புது டேபிள், புது ஃபீல்டு, புது இண்டெக்ஸ் எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். எந்த ஃபைல் ஓடி முடிந்தது, எது இன்னும் ஓடவில்லை என்ற குறிப்பு டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு டேபிளில் இருக்கும். ரெயில்ஸில் அதன் பெயர் ஸ்கீமா மைக்ரேஷன்ஸ். ஃபைல் பெயரின் முன்னால் இருக்கும் 14 இலக்க எண், அதாவது ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி, அது மட்டும்தான் அங்கே பதிவாகும். ஜாங்கோவில் அது ஜாங்கோ மைக்ரேஷன்ஸ். அங்கே ஆப்பின் பெயரும் ஃபைலின் பெயரும் பதிவாகும். ஃப்ளைவே என்ற கருவி ஃபைலின் செக்சம்மையும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணையும், சேர்த்து வைத்துக்கொள்ளும். ஓடி முடிந்த ஃபைலில் யாராவது கை வைத்தால் அடுத்த முறை ஓட மறுத்துவிடும்.

ரெயில்ஸின் பதிவில் எந்த ஆப் ஓட்டியது என்ற தகவல் இல்லை என்பதைக் கவனியுங்கள். சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன. பதிவு ஆப்பும் புக்கிங் ஆப்பும் தனித்தனியாக மைக்ரேஷன் எழுதி ஒரே டேட்டாபேஸில் ஓட்டினால், இரண்டின் எண்களும் அதே டேபிளில் கலந்து நிற்கும். புக்கிங் ஆப்பிலிருந்து நிலவரம் கேட்டால், பதிவு ஆப் ஓட்டிய எண்களுக்கு நேரே ‘நோ ஃபைல்’ என்று வரும். கடைசியாக ஓடியது பதிவு ஆப்பின் மைக்ரேஷனாக இருந்தால், புக்கிங் ஆப்பிலிருந்து ஒரு படி பின்னால் போகச் சொல்லும்போது அந்த எண்ணில் மைக்ரேஷனே இல்லை என்று நின்றுவிடும். டேட்டாபேஸின் இன்றைய அமைப்பை ரெயில்ஸ் குறித்து வைக்கும் ஸ்கீமா ஃபைலோ, அங்கே இருப்பதை எல்லாம் அள்ளி எழுதும். ஆகவே இரண்டு ஆப்களின் ரெப்போவிலும் (நிரல் ஃபைல்கள் இருக்கும் இடம்) ஒரே டேபிள்களின் வர்ணனை இருக்கும். ஒன்று புதிதாக, மற்றது பழையதாக.

அந்தப் பழைய ஸ்கீமா ஃபைல் எங்களுக்கு ஒரு நாளைத் தின்றது. சோதனை சர்வரில் புக்கிங் ஆப்பைப் புதிதாக நிறுவியபோது, வழக்கமான பழக்கத்தில், அந்த ஃபைலைப் பார்த்து டேபிள்களை உருவாக்கும் ‘டிபி ஸ்கீமா லோடு’ கட்டளையை ஓட்டினோம். ஸ்கீமா ஃபைலில் ஒவ்வொரு டேபிளுக்கும் ‘ஃபோர்ஸ் கேஸ்கேட்’ என்று எழுதியிருக்கும். ஏற்கெனவே அந்தப் பெயரில் டேபிள் இருந்தால் அதை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கு என்று அதற்குப் பொருள். மூன்று ஆப்களும் பகிர்ந்துகொண்டிருந்த உறுப்பினர் டேபிள் காலியானது. இரண்டு மாதத்துக்கு முந்தைய வடிவத்தில், ஒரு வரிசைகூட இல்லாமல் நின்றது. சோதனை சர்வர் என்பதால் விவசாயிகள் யாருக்கும் பாதிப்பில்லை. ஆனால் அன்றைக்கே நாலு பேரும் உட்கார்ந்து, இனி டேட்டாபேஸ் அமைப்பில் கைவைக்கும் உரிமை ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று முடிவு செய்தோம்.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இது புதிய ஏற்பாடு இல்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரிகிறது. எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்று ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக முடிவு செய்வதில்லை. மேலேயிருந்து கணக்கு வரும், லஸ்கர் போய்த் தூக்குவார், இறக்குவார். வயலுக்கு மடை வெட்டுவது மட்டும் நம் கையில் இருக்கிறது. டேட்டாபேஸிலும் அப்படியே. தகவலைப் போடுவது, எடுப்பது எல்லா ஆப்புக்கும் உரியது. அமைப்பை மாற்றும் ஷட்டர் ஒரே கையில் இருக்க வேண்டும்.

படி 1: உண்மையிலேயே பகிரத்தான் வேண்டுமா?

வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு ஆப்புக்கு மற்றதிலிருந்து தேவைப்படுவது ஒன்றிரண்டு தகவல்தான் என்றால் ஒரு ஏபிஐ போதும். எங்கள் நிலைமை அப்படியில்லை. புக்கிங் ஒவ்வொன்றும் உறுப்பினரையும் அவர் நிலத்தையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுகிறது. அதனால் பகிர்கிறோம்.

படி 2: மைக்ரேஷன்களுக்கு ஒரு வீடு

நாலு வழிகள் உண்டு. ஒரு ஆப்பையே உரிமையாளராக்கி, மைக்ரேஷன் எல்லாவற்றையும் அதன் ரெப்போவில் மட்டும் வைப்பது முதல் வழி. மைக்ரேஷனுக்கென்றே தனி ரெப்போ வைத்து, ரெயில்ஸின் மைக்ரேஷன் பகுதியையோ ஃப்ளைவே, லிக்விபேஸ் போன்ற கருவியையோ அங்கே ஓடவிடுவது இரண்டாவது. மைக்ரேஷன் ஃபோல்டரை கிட் சப்மாட்யூலாக (ஒரு ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போ) எல்லா ஆப்புக்குள்ளும் இழுப்பது மூன்றாவது. பல ஆப்களும் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் பொதியாக, அதாவது ரெயில்ஸ் எஞ்சின் அல்லது ஜெம்மாகக் கட்டிக் கொடுப்பது நாலாவது.

இரண்டு ஆப், அதில் ஒன்று தெளிவாகப் பெரியது என்றால் முதல் வழியே போதும். மூன்றாவது ஆப் வந்ததும், அதுவும் வேறு மொழியில் வந்ததும், தனி ரெப்போதான் சரி என்பது என் எண்ணம். நாங்கள் அதைத்தான் செய்தோம். சப்மாட்யூலை ஆறு மாதம் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு ஆப்பும் சப்மாட்யூலின் வெவ்வேறு கமிட்டில் நிற்கும், எது புதியது என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும். குழுவில் எல்லாருக்கும் கிட் நன்றாகக் கைவந்தால் ஒழிய அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எஞ்சின் வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. பல இடங்களில் சொல்லித் தரும் முறை, எஞ்சினின் ‘இன்ஸ்டால் மைக்ரேஷன்ஸ்’ கட்டளையை ஓட்டுவது. அது ஃபைல்களை ஆப்புக்குள் நகல் எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் புதிய 14 இலக்க எண்ணைக் கொடுக்கும். ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி டேட்டாபேஸ் என்றால் அதனால் தொல்லை இல்லை. ஒரே டேட்டாபேஸ் என்றால் ஒரே மாற்றம் இரண்டு எண்களில் இரண்டு முறை வரும். முதல் ஆப்பில் ஓடும், இரண்டாவதில் ‘அந்த டேபிள் ஏற்கெனவே இருக்கிறது’ என்று விழும். எஞ்சின்தான் வேண்டும் என்றால் நகல் எடுக்காதீர்கள். டேட்டாபேஸ் அமைப்பு ஃபைலில் ‘மைக்ரேஷன்ஸ் பாத்ஸ்’ என்ற இடத்தில் எஞ்சினின் ஃபோல்டரையே சுட்டிக் காட்டுங்கள். அப்போது எண் எங்கும் ஒன்றாகவே இருக்கும், இரண்டாவது ஆப் பார்க்கும்போது ‘இது ஓடி முடிந்தது’ என்று தாண்டிப் போய்விடும்.

படி 3: இருப்பதைத் தொடக்கப் புள்ளியாக எடுப்பது

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை வைத்துக்கொண்டு தனி ரெப்போ தொடங்குகிறீர்கள் என்றால், பழைய மைக்ரேஷன்களைப் பொறுக்கி அடுக்க வேண்டாம். ‘பிஜி டம்ப்’ கட்டளையில் ‘ஸ்கீமா ஒன்லி’ என்று கொடுத்து, உற்பத்தி சர்வரின் இன்றைய அமைப்பை அப்படியே எடுத்து, அதை முதல் ஃபைலாக வையுங்கள். புது இடங்களில் அது ஓடும். ஏற்கெனவே இருக்கும் இடங்களில் ஓடியதாகக் குறி மட்டும் போட வேண்டும். ஃப்ளைவேயில் இதற்கு ‘பேஸ்லைன்’ என்றும் ஜாங்கோவில் ‘ஃபேக்’ என்றும் கட்டளைகள் உண்டு. ரெயில்ஸில் அந்த எண்ணை ஸ்கீமா மைக்ரேஷன்ஸ் டேபிளில் கையால் ஒரு வரிசை சேர்த்தால் போதும்.

ரெயில்ஸில் ஸ்கீமா ஃபைலை ரூபி வடிவத்தில் வைக்காமல் எஸ்க்யூஎல் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். வியூ (பெயர் கொடுத்துச் சேமித்த க்வெரி), ட்ரிகர் (வரிசை மாறும்போது தானாக ஓடும் நிரல்) போன்றவை ரூபி ஸ்கீமா ஃபைலில் வராது. பகிர்ந்த டேட்டாபேஸில் அவை இரண்டும் கட்டாயம் தேவைப்படும்.

படி 4: மற்ற ஆப்களின் கையிலிருந்து ஷட்டர் சாவியை வாங்குவது

‘இனி யாரும் இங்கே மைக்ரேஷன் ஓட்டக் கூடாது’ என்று வாயால் சொல்வது போதாது. இரவு 11 மணிக்கு அவசரத்தில் இருப்பவருக்கு அது ஞாபகம் வராது. டேட்டாபேஸே தடுக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸில் மூன்று விதமான யூசர்களை உருவாக்குங்கள். ஒன்று மைக்ரேட்டர். டேபிள் எல்லாவற்றுக்கும் அவரே உரிமையாளர். ஃபீல்டு சேர்க்க, நீக்க ஒரு டேபிளின் உரிமையாளரால்தான் முடியும் என்பது போஸ்ட்கிரெஸின் விதி. அந்த விதி நமக்குக் காவல். அடுத்தது பதிவு ஆப்புக்கும் புக்கிங் ஆப்புக்கும் தனித்தனி யூசர். செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட் நான்கும் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவது அறிக்கை யூசர். அதற்கு வாசிக்கும் உரிமை மட்டும்.

இதில் புதியவர்கள் இரண்டு இடத்தில் மாட்டுவார்கள். டேபிளுக்கு இன்சர்ட் கொடுத்துவிட்டு, அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸுக்கு ‘யூசேஜ்’ கொடுக்க மறந்தால், புது வரிசை சேர்க்கும்போது அனுமதி இல்லை என்று வரும். ரெயில்ஸ் தானாகத் தரும் ஐடி ஃபீல்டு சீக்வென்ஸில் ஓடுவதுதான் காரணம். அப்புறம், இன்று கொடுத்த உரிமை இன்று இருக்கும் டேபிள்களுக்கு மட்டுமே. நாளைக்கு மைக்ரேட்டர் உருவாக்கும் டேபிளுக்கும் அது வர வேண்டுமென்றால் ‘ஆல்டர் டீஃபால்ட் பிரிவிலேஜஸ் ஃபார் ரோல் மைக்ரேட்டர்’ என்று ஒருமுறை சொல்லி வைக்க வேண்டும். ‘ஃபார் ரோல்’ பகுதியை விட்டுவிட்டால், அந்தக் கட்டளையை ஓட்டியவர் உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். நான் பார்த்தவரை இந்த இடத்தில் தவறாதவர் குறைவு. போஸ்ட்கிரெஸ் 15க்கு முந்தைய பதிப்பு என்றால், பப்ளிக் ஸ்கீமாவில் (இங்கே ஸ்கீமா என்பது டேட்டாபேஸுக்குள் டேபிள்களை வைக்கும் தனி அறை) எல்லாருக்கும் டேபிள் உருவாக்கும் உரிமை இயல்பாகவே இருக்கும். அதையும் பறித்துவிடுங்கள்.

ஆப் பக்கமும் பூட்டுவோம். ரெயில்ஸ் 7 முதல், டேட்டாபேஸ் அமைப்பு ஃபைலில் ‘டேட்டாபேஸ் டாஸ்க்ஸ் ஃபால்ஸ்’ என்று போட்டால், லோடு, மைக்ரேட், டிராப் போன்ற கட்டளைகள் அந்த டேட்டாபேஸைத் தொடாது. எங்கள் சோதனை சர்வரில் அன்றைக்கு அந்த ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

ஜாங்கோவில் ‘இன்ஸ்பெக்ட் டிபி’ ஓட்டினால், இருக்கும் டேபிள்களைப் பார்த்து மாடல்களை எழுதிக் கொடுக்கும். ஒவ்வொன்றிலும் ‘மேனேஜ்டு ஃபால்ஸ்’ என்று தானே போட்டிருக்கும். அதை எடுத்துவிடாதீர்கள். அந்த டேபிளை உருவாக்கவோ மாற்றவோ ஜாங்கோ முயலாது என்பதற்கு அதுதான் உறுதி. ஆனால் ஜாங்கோவுக்குச் சொந்தமான லாகின், செஷன் டேபிள்கள் எங்கே போகும்? அவற்றுக்கென அதே டேட்டாபேஸில் தனி ஸ்கீமா ஒன்றை உருவாக்கி, அதற்கு மட்டும் அறிக்கை யூசரை உரிமையாளர் ஆக்குங்கள். ‘சர்ச் பாத்’தில் அந்த ஸ்கீமாவை முதலிலும் பப்ளிக்கை இரண்டாவதாகவும் வையுங்கள். ஜாங்கோ தன் மைக்ரேஷன்களைத் தன் வீட்டுக்குள் ஓட்டிக்கொள்ளும்.

படி 5: மைக்ரேஷன் ஃபைலுக்குள் என்ன எழுதக் கூடாது

ஆப்பின் மாடலை அங்கே கூப்பிடாதீர்கள். தனி ரெப்போவில் அந்த மாடலே இருக்காது. இருந்தாலும், இன்று எழுதிய மாடல் நாளைக்கு மாறும், அப்போது பழைய மைக்ரேஷன் உடையும். தகவலை மாற்ற வேண்டுமென்றால் நேரடி எஸ்க்யூஎல் எழுதுங்கள். ஓடி முடிந்த ஃபைலைத் திருத்தாதீர்கள். தப்பு இருந்தால் இன்னொரு ஃபைல்.

படி 6: ஒரே நாளில் மாற்றாதீர்கள்

பகிர்ந்த டேட்டாபேஸில் நீங்கள் கற்க வேண்டியவற்றில் இதுவே பெரியது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

தனி ஆப் என்றால் மைக்ரேஷனும் புது கோடும், அதாவது ஆப்பின் புது நிரலும், ஒன்றாகப் போகும். மூன்று ஆப் என்றால் ஒருபோதும் ஒன்றாகப் போகாது. பதிவு ஆப் செவ்வாய்க்கிழமை போகும், புக்கிங் ஆப் வெள்ளிக்கிழமை, அறிக்கை அடுத்த வாரம். இடையில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பழைய கோடும் புது கோடும் ஒரே டேபிளின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே எந்த மைக்ரேஷனும், அது ஓடிய மறுகணம், பழைய கோடை உடைக்காததாக இருக்க வேண்டும். பெயர் மாற்றுவது, வகை மாற்றுவது, நீக்குவது மூன்றும் உடைப்பவை. சேர்ப்பது உடைக்காது. எனவே எல்லா மாற்றத்தையும் முதலில் சேர்த்து, பின்பு எல்லாரும் நகர்ந்து, கடைசியில் நீக்குவதாக மாற்றி எழுத வேண்டும்.

எங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். உறுப்பினரின் நிலத்தை மா கணக்கில் சேமித்திருந்தோம். இங்கே 3 மா ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. விண்ணப்பம் நிரப்பும் விவசாயி மாவில்தான் சொல்வார். ஆனால் மற்ற எல்லாக் கணக்குக்கும் சென்ட் தேவைப்பட்டது. புக்கிங் ஆப் ஒரு மாவுக்கு 33.33 சென்ட் என்று பெருக்கிக்கொண்டது, அறிக்கை ஆப் மாவை 100ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தது. ஒருநாள் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் ஃபோன் செய்தார். “தம்பி, என் நிலம் மூணு மா. ஒரு ஏக்கர் சுத்தமா இருக்கு. பில்லுல 99.99 சென்ட்னு போட்டிருக்கீங்களே, மீதி எங்கே போச்சு?” அவர் கேட்டது முழுக்க நியாயம். “ஐயா, தப்பு எங்க பேர்ல, இந்த வாரமே சரி பண்ணிடுறோம்” என்றேன். பில்லை அந்த வாரமே சரி செய்தோம். ஆனால் அடிப்படைக் காரணம், ஒரே கணக்கு இரண்டு ஆப்களில் இரண்டு விதமாக இருந்ததுதான். சென்ட் என்ற ஃபீல்டு டேட்டாபேஸிலேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். வேலை இப்படிப் போனது.

முதல் மைக்ரேஷன் ‘சென்ட்’ என்ற ஃபீல்டைச் சேர்த்தது. காலியாக இருக்கலாம், இயல்பு மதிப்பு எதுவும் இல்லை. கூடவே ஒரு ட்ரிகர். பழைய கோடு மாவை மட்டும் எழுதினால், ட்ரிகர் 100ஆல் பெருக்கி 3ஆல் வகுத்து, இரண்டு தசமத்துக்குச் சுருக்கி சென்ட்டை நிரப்பும். இங்கே ஒரு நுணுக்கம். சென்ட் காலியா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஏற்கெனவே நிரம்பிய வரிசையில் பழைய ஆப் மாவைத் திருத்தினால், சென்ட் பழைய மதிப்பிலேயே நின்றுவிடும். எனவே திருத்தத்தின்போது ‘மா மாறியிருக்கிறது, சென்ட் மாறவில்லை’ என்றால் மறுபடி கணக்கிட வேண்டும்.

இரண்டாவதாக, பழைய வரிசைகளை நிரப்பினோம். ஒரே அப்டேட்டாக அல்ல, ஒரு தடவைக்கு 1,000 வரிசை வீதம். ஒரே அடியாக ஓட்டினால் அத்தனை வரிசையும் அது முடியும்வரை பூட்டியிருக்கும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு ஆப்பும் அதனதன் வேகத்தில் சென்ட்டை வாசிக்க மாறியது. எழுதும் ஆப்கள் இரண்டையும் எழுதின. இந்தக் கட்டம் எங்களுக்கு ஐந்து வாரம் நீண்டது. அவசரமே இல்லை, ஏனென்றால் எந்தக் கணத்திலும் எதுவும் உடையவில்லை.

நாலாவதாக, மாவை எழுதுவதை நிறுத்த வேண்டும். இங்கே பலர் விழுவார்கள். மா ஃபீல்டில் ‘நாட் நல்’ இருந்தால், அதை எழுதாத முதல் ஆப்பே புது உறுப்பினரைச் சேர்க்க முடியாமல் நிற்கும். ஆகவே நிறுத்துவதற்கு முன்னால் ஒரு மைக்ரேஷன் ‘நாட் நல்’லை மாவிலிருந்து எடுக்க வேண்டும். சென்ட்டுக்கு அதைப் போடுவதையும் இப்போதே செய்யலாம். பெரிய டேபிள் என்றால் நேரடியாகப் போடாதீர்கள். முதலில் ‘சென்ட் காலியாக இருக்கக் கூடாது’ என்ற செக் நிபந்தனையை ‘நாட் வேலிட்’ என்று சேர்த்து, பிறகு தனியாக ‘வேலிடேட்’ செய்து, அதன்பின் ‘நாட் நல்’ போடுங்கள். போஸ்ட்கிரெஸ் 12 முதல், சரிபார்த்த நிபந்தனை இருந்தால் டேபிள் முழுவதையும் மறுபடி படிக்காது.

ஐந்தாவது, நீக்குவது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

படி 7: ஓட்டும் நாள்

மைக்ரேஷன் முதலில், ஆப்கள் பிறகு. நீக்கும் மைக்ரேஷனுக்கு மட்டும் வரிசை தலைகீழ்.

நாள் பார்ப்பது முக்கியம். மேட்டூர் ஜூன் 12 திறக்கிறதோ இல்லையோ, எங்கள் ஆப்களின் சுமை பயிர்க்காலத்தோடுதான் ஏறி இறங்கும். குறுவை அறுவடையிலும், சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியிலும் புக்கிங் ஆப்பை ராத்திரியும் தூங்க விடமாட்டார்கள். மழை வருவதற்குள் அறுக்க வேண்டும் என்று நிற்பவரிடம் ‘சர்வர் பராமரிப்பில் இருக்கிறது’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த வாரங்களில் எதையாவது சேர்க்கும் சின்ன மைக்ரேஷன் மட்டும் போகும்.

சின்ன மைக்ரேஷனும் ஆபத்தாகும் ஒரு வழி உண்டு. ஃபீல்டு சேர்ப்பது மில்லி விநாடி வேலைதான். போஸ்ட்கிரெஸ் 11 முதல், நிலையான இயல்பு மதிப்போடு சேர்த்தாலும் டேபிளைத் திருப்பி எழுதுவதில்லை. ஆனால் அதற்கு டேபிளின் முழுப் பூட்டு ஒரு கணமாவது வேண்டும். அறிக்கை ஆப் அப்போது பத்து நிமிட க்வெரி ஒன்றை அதே டேபிளில் ஓட்டிக்கொண்டிருந்தால், மைக்ரேஷன் அதன் பின்னால் காத்து நிற்கும். மைக்ரேஷனுக்குப் பின்னால் வருகிற எல்லா க்வெரியும், சாதாரண செலக்ட்கூட, வரிசையில் நிற்கும். தலைப்பு மதகில் ஒரு மரம் அடைத்துக்கொண்டால் கடைமடை வரை காய்வது மாதிரி, மூன்று ஆப்களும் சேர்ந்து நின்றுபோகும். இதற்கு மருந்து எளியது. மைக்ரேஷன் தொடங்கும்போது ‘லாக் டைம்அவுட்’டை 5 விநாடி என்று வையுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் மைக்ரேஷன் தோற்றுப் போகும், ஆப்கள் ஓடும். சற்றுப் பொறுத்து மறுபடி ஓட்டலாம்.

பெரிய டேபிளில் இண்டெக்ஸ் போடும்போது ‘கன்கரன்ட்லி’ என்று போடுங்கள், எழுதுவது தடைபடாது. அதை டிரான்சாக்ஷனுக்குள் ஓட்ட முடியாது. ரெயில்ஸில் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் ‘டிசேபிள் டிடிஎல் டிரான்சாக்ஷன்’ என்று எழுத வேண்டும். நடுவில் தோற்றால் பாதி இண்டெக்ஸ் செல்லாத நிலையில் மிஞ்சும். அதை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.

ஒரே நேரத்தில் இருவர் ஓட்டிவிட்டால்? ரெயில்ஸ் 5 முதல் மைக்ரேஷனுக்கு முன்னால் ஓர் அட்வைசரி லாக் எடுக்கிறது, இரண்டாமவர் தடுக்கப்படுவார். லிக்விபேஸ் இதற்கென்றே ஒரு டேபிள் வைத்திருக்கிறது. டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜி பவுன்சரை டிரான்சாக்ஷன் முறையில் பயன்படுத்துகிறீர்கள் என்றால், மைக்ரேஷனை அதன் வழியாக ஓட்டாமல் போஸ்ட்கிரெஸோடு நேரடியாக இணைத்து ஓட்டுங்கள். அந்த முறையில் அட்வைசரி லாக் சரியாக வேலை செய்யாது.

மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போஸ்ட்கிரெஸில் டேபிள் மாற்றங்களை டிரான்சாக்ஷனுக்குள் வைத்துத் திரும்பப் பெற முடியும். மைஎஸ்க்யூஎல்லில் ஒவ்வொரு மாற்றமும் அப்போதே கமிட் ஆகிவிடும். ஆகவே அங்கே ஒரு ஃபைலுக்கு ஒரே மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: ஆப்கள் தங்களுக்கு என்ன தேவை என்று சொல்லட்டும்

மைக்ரேஷன் ஃபைல்கள் தன்னிடம் இல்லாத ஆப்புக்கு, ஓடாத மைக்ரேஷன் பாக்கி இருக்கிறதா என்று தெரியாது. நாங்கள் செய்த ஏற்பாடு இது: ஒவ்வொரு ஆப்பிலும் ‘எனக்குக் குறைந்தது இந்த எண் வரை வேண்டும்’ என்று ஒரு வரி. ஆப் எழும்போது ஸ்கீமா மைக்ரேஷன்ஸ் டேபிளில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் எழ மறுத்து, எந்த எண் இல்லை என்று லாகில் எழுதும். ஜாங்கோ ஆப்பும் இதையே ஒரு சாதாரண செலக்ட்டில் செய்கிறது. பத்து வரி கோடு. டிப்ளாய் வரிசை தவறினால் பழைய ஆப் தொடர்ந்து ஓடும், புதியது உள்ளே வராது.

சோதனைக்கும் ஒரு வழி வேண்டும், ஏனென்றால் ‘டேட்டாபேஸ் டாஸ்க்ஸ்’ஸை மூடிவிட்ட ரெயில்ஸும், ‘மேனேஜ்டு ஃபால்ஸ்’ போட்ட ஜாங்கோவும் சோதனை டேட்டாபேஸில் அந்த டேபிள்களை உருவாக்காது. தனி ரெப்போ ஒவ்வொரு முறை மாறும்போதும், எல்லா மைக்ரேஷனும் ஓடி முடிந்த வெறும் போஸ்ட்கிரெஸ் டாக்கர் இமேஜ் ஒன்றைக் கட்டுகிறோம். மூன்று ஆப்களின் சோதனைகளும் அதன் மேல்தான் ஓடும். புது மைக்ரேஷனுக்கான புல் ரிக்வெஸ்ட் வந்தால், இப்போது உற்பத்தியில் இருக்கும் மூன்று ஆப்களின் கோடையும் புது இமேஜின் மேல் ஓட்டிப் பார்க்கிறோம். பச்சை வராமல் மெர்ஜ் இல்லை. உங்களால் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அறிக்கை ஆப்புக்கு இன்னொரு வசதியும் செய்தோம். அது டேபிளைத் தொடாது, வியூவை மட்டும் வாசிக்கும். அடியில் டேபிள் மாறினாலும் வியூவின் வடிவம் மாறாதபடி அதே மைக்ரேஷனில் வியூவையும் திருத்திவிடலாம்.

படி 9: நீக்குவது

மா ஃபீல்டை நீக்கும் நாளுக்கு வருவோம். முதலில் அதை யாரும் தொடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். மூன்று ரெப்போவிலும் தேடுங்கள். அது போதாது, யாரோ எழுதி வைத்த எக்செல் இணைப்பு, இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் எல்லாம் ரெப்போவில் இருக்காது. ‘பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்’ என்ற இணைப்பை இயக்கி வைத்திருந்தால், அதைத் துடைத்துவிட்டு இரண்டு வாரம் விடுங்கள். பிறகு அந்த ஃபீல்டு பெயர் எந்த க்வெரியிலாவது வருகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு ஒன்று அகப்பட்டது. மாதம் ஒருமுறை ஓடும் காப்பீட்டுப் பட்டியல் ஸ்கிரிப்ட். இரண்டு வாரம் என்பதை அப்போதிலிருந்து ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்து, ரெயில்ஸ் ஆப் இரண்டிலும் மா ஃபீல்டை ‘இக்னோர்டு காலம்ஸ்’ பட்டியலில் சேர்த்து டிப்ளாய் செய்யுங்கள். ரெயில்ஸ் ஒரு டேபிளின் ஃபீல்டு பட்டியலை எழும்போது படித்து மனத்தில் வைத்துக்கொள்ளும். ஃபீல்டு போன பிறகும் அதற்கு எழுத முயன்று விழும். ஒரு ஆப்பில் சேர்த்துவிட்டு மற்றதில் மறப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. ஜாங்கோ மாடலிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டால் போதும்.

பிறகு அந்த டேபிளை மட்டும் ஒரு ‘பிஜி டம்ப்’ எடுத்து வையுங்கள். நீக்கியதைப் பின்னோக்கிய மைக்ரேஷன் திருப்பித் தராது. ஃபீல்டு திரும்ப வரும், உள்ளே இருந்த மதிப்புகள் வராது.

கடைசி மைக்ரேஷன் முதலில் ட்ரிகரையும், பிறகு அதன் ஃபங்ஷனையும், பிறகு மா ஃபீல்டையும் நீக்கும், இதே வரிசையில். ஃபீல்டை முதலில் நீக்கினால் ட்ரிகர் இல்லாத ஃபீல்டைத் தேடி, அடுத்து வரும் ஒவ்வொரு இன்சர்ட்டையும் தடுக்கும். நாங்கள் இதை ஒரு பங்குனி மாதச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஓட்டினோம். சம்பா முடிந்து வயல்கள் காய்ந்துகொண்டிருந்தன, புக்கிங் ஒன்றும் இல்லை. பதிவுப் படிவத்தில் விவசாயி இன்றைக்கும் மாவில்தான் சொல்கிறார், திரையும் மாவில்தான் கேட்கிறது. சேமிப்பது மட்டும் சென்ட்டில். பாக்கி இருந்த வேலை, மூன்று ரெப்போவிலும் தேவையான குறைந்தபட்ச எண்ணை ஏற்றி, ரெயில்ஸ் ஆப் இரண்டிலும் ‘இக்னோர்டு காலம்ஸ்’ வரியை எடுப்பது. அதை அந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். விட்டுவைத்தால் அடுத்து வருபவருக்கு அந்த வரி எதற்கென்றே தெரியாது.